க்ரூஸ் டிக்கெட் போடப் போறீங்களா? கப்பலை மட்டும் பார்க்காதீங்க... எங்கே நிற்கும்னு பாருங்க!

கரீபியன் தீவுகளுக்கான சொகுசுக் கப்பல் விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது கப்பல்தான். நீச்சல் குளம், வாட்டர் ஸ்லைடு, பத்து பதினைந்து உணவகங்கள், பால்கனி வைத்த அறை. எந்தெந்தத் தீவில் நிற்கும் என்ற விவரம் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். பலரும் அதைக் கடைசியில்தான் படிக்கிறார்கள். சிலர் கப்பல் ஏறிய பிறகுதான் படிக்கிறார்கள்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும், படிக்கும் தமிழர்களுக்கு மயாமியில் இருந்து புறப்படும் க்ரூஸ் ஒரு வசதியான விடுமுறை. ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கும் சமயம் என்றால் இன்னும் வசதி. சமைக்க வேண்டாம், தினமும் பெட்டி கட்ட வேண்டாம். ஆனால் துறைமுகங்களைச் சரியாகப் பார்க்காமல் டிக்கெட் போட்டால், முட்டி வலியோடு வந்த அம்மா கரையையே பார்க்காமல் திரும்பலாம். விசா விஷயத்தில் கவனம் பிசகினால் அமெரிக்காவுக்குள் திரும்பி நுழைவதே சிக்கலாகலாம்.

எப்படித் தேர்வு செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

7 இரவு பயணம் என்றால் 168 மணி நேரம். வழக்கமாக அதில் 3 அல்லது 4 துறைமுகங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கப்பல் சுமார் 8 மணி நேரம் நிற்கும். ஆக, கரைக்கென்று கிடைப்பது அதிகபட்சம் 32 மணி நேரம்தான்.

அதுவும் முழுசாகக் கையில் கிடைக்காது. கப்பல் நின்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க முடியாது. கிளம்பும் நேரத்துக்கு அரை மணிக்கு முன்பாவது திரும்பிவிட வேண்டும். இதையெல்லாம் கழித்தால் ஒரு தீவுக்குக் கிடைப்பது 6 மணி நேரம். 'இந்தத் தீவில் என்னென்ன இருக்கு?' என்று கேட்பதைவிட, '6 மணி நேரத்தில் போய்விட்டுத் திரும்பும் தூரத்தில் என்ன இருக்கு?' என்று கேட்பதுதான் சரி.

ஒரு உதாரணம். செயின்ட் லூசியா என்றதும் போஸ்டர்களில் வரும் இரட்டை மலைகள் 'பிட்டன்ஸ்'. 2004-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். ஆனால் பெரிய கப்பல்கள் நிற்பது தீவின் வடமேற்கில் உள்ள காஸ்ட்ரீஸில். மலைகள் இருப்பது தென்மேற்கில், சூஃப்ரியேர் பக்கம். வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இன்னொன்று, மெக்சிகோவின் கோசுமெல். அங்கிருந்து துலும் நகரின் மாயன் சிதிலங்களைப் பார்க்க ஆசைப்படுவோர் நிறைய. கோசுமெல் ஒரு தீவு, துலும் இருப்பது நிலப்பகுதியில். முதலில் முக்கால் மணி நேரம் ஃபெர்ரி, பிறகு சுமார் ஒரு மணி நேரம் சாலைப் பயணம். திரும்பி வரவும் அதே கதை. பார்க்கும் நேரத்தைவிடப் பயண நேரமே அதிகம்.

இதற்கு நேர்மாறானது போர்ட்டோ ரிக்கோவின் சான் வான். கப்பல் நிற்கும் இடத்திலிருந்து நடந்தே பழைய நகரத்துக்குள் போய்விடலாம். எல் மோரோ கோட்டையையும் வண்ண வண்ண வீடுகளையும் டாக்ஸி செலவே இல்லாமல் பார்க்கலாம். குரசாவ் தீவின் வில்லெம்ஸ்டாடும் அப்படித்தான். 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஊர், நடந்து பார்க்கத் தோதானது.

கிழக்கா, மேற்கா, தெற்கா?

மயாமியில் இருந்து கிளம்பும் பயணங்களைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

பஹாமாஸ்: 3, 4 இரவுப் பயணம். நஸாவ் நகரம் மயாமியில் இருந்து சுமார் 300 கி.மீ. தூரம்தான். ஒரு ராத்திரியில் போய்ச் சேரலாம். முதல் தடவை போகிறவர்கள், கடல் ஒத்துக்கொள்ளுமா என்று சந்தேகம் உள்ளவர்களுக்கு இது நல்ல ஒத்திகை.

மேற்கு கரீபியன்: கோசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா, ஹோண்டுராஸின் ரோவட்டான், பெலீஸ். பவளப்பாறை, ஸ்நோர்கெலிங், அருவி, மாயன் வரலாறு என்று ஆக்டிவிட்டி பிரியர்களுக்கானது. உலகின் இரண்டாவது பெரிய பவளத் தடுப்புத் திட்டு கோசுமெல், பெலீஸ், ரோவட்டான் பகுதிகளை ஒட்டித்தான் ஓடுகிறது.

கிழக்கு கரீபியன்: சான் வான், செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின். கடற்கரை, ஷாப்பிங், பழைய நகரங்கள். மயாமியில் இருந்து சான் வான் நேர்க்கோட்டிலேயே சுமார் 1,700 கி.மீ. கப்பல் மணிக்கு 20 நாட் வேகத்தில், அதாவது சுமார் 37 கி.மீ. வேகத்தில் போனால் கிட்டத்தட்ட இரண்டு நாள். போக இரண்டு, வர இரண்டு என ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் கடலிலேயே போய்விடும். கப்பலிலேயே ஓய்வெடுக்க நினைப்பவர்களுக்கு ஓகே. தீவு பார்க்க வந்தவர்களுக்கு போரடிக்கும்.

தெற்கு கரீபியன்: அரூபா, போனேர், குரசாவ், பார்படோஸ், செயின்ட் லூசியா, மார்ட்டினிக். மயாமியில் இருந்து தூரம் அதிகம் என்பதால், அங்கிருந்து கிளம்பினால் பயண நாள்கள் கூடும். சான் வானுக்கோ பார்படோஸுக்கோ விமானத்தில் போய், அங்கிருந்து கப்பல் ஏறினால் ஒரே வாரத்தில் 5, 6 தீவுகள் பார்க்கலாம். விமானச் செலவு கூடும். ஆனால் ஒரு துறைமுகத்துக்கு ஆகும் செலவு என்று கணக்குப் போட்டால் சில நேரம் இதுதான் லாபம்.

நீங்க மட்டும் தேர்வு செய்வதில்லை... கப்பல் நிறுவனமும்தான்

ஒரு பயணத்திட்டத்தில் ஒரு துறைமுகம் ஏன் இருக்கிறது என்பதற்கு, அழகைத் தாண்டிய காரணங்கள் உண்டு.

முதல் காரணம் சட்டம். 1886-ல் அமெரிக்கா கொண்டுவந்த பயணிகள் கப்பல் சேவைச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் பதிவு செய்யப்பட்ட கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையில் மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்ல முடியாது. பெரிய க்ரூஸ் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. எனவே மயாமியில் கிளம்பி மயாமியிலேயே முடியும் பயணமும் வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட வேண்டும். சில பயணங்களில் நஸாவில் சாயங்காலம் வந்து ராத்திரியே கிளம்பிவிடுவதற்குப் பின்னால் இந்தச் சட்டமும் இருக்கலாம்.

இரண்டாவது காரணம் பணம். கப்பலின் கேசினோவும் வரியில்லாக் கடைகளும் பொதுவாகத் துறைமுகத்தில் நிற்கும்போது மூடியிருக்கும். கடலில் இருக்கும்போதுதான் வியாபாரம். மெதுவாகப் போனால் எரிபொருளும் மிச்சம். எனவே பக்கத்துத் துறைமுகங்களும் கூடுதல் 'கடல் நாள்களும்' நிறுவனத்துக்கு லாபமானவை.

மூன்றாவது, தனியார் தீவுகள். 1977-ல் நார்வீஜியன் நிறுவனம் பஹாமாஸின் கிரேட் ஸ்டிரப் கே தீவில் தொடங்கிவைத்த பழக்கம் இது. டிஸ்னியின் காஸ்ட்அவே கே 1998-ல் வந்தது. ராயல் கரீபியன் தன் கோகோகேவை 2019-ல் பெரிய வாட்டர் பார்க்கோடு புதுப்பித்தது. அதே ஆண்டில் எம்.எஸ்.சி.யின் ஓஷன் கே திறந்தது. கார்னிவல் 2025 ஜூலையில் கிராண்ட் பஹாமா தீவில் செலிப்ரேஷன் கீ என்ற இடத்தைத் திறந்தது.

குழந்தைகளோடு போகும் குடும்பங்களுக்கு இவை வசதியானவை. சுத்தமான கடற்கரை, பாதுகாப்பு, டாக்ஸி பேரம் கிடையாது. ஆனால் அங்கே ஊர் என்று ஒன்று இல்லை. சந்தை, தெருக்கடை, உள்ளூர்ச் சாப்பாடு எதுவும் இருக்காது. பயணி செலவழிக்கும் காசில் பெரும்பங்கு கப்பல் நிறுவனத்துக்கே திரும்பிப் போகும். ஒரு ஊரின் துறைமுகம் என்றால் டாக்ஸி ஓட்டுநர், படகுக்காரர், பழம் விற்கும் அம்மா எல்லோருக்கும் ஏதோ கொஞ்சம் சேரும். பயணத்திட்டத்தில் 4 நிறுத்தங்கள் இருந்து, அதில் 2 தனியார் தீவு என்றால், நீங்கள் பார்க்கப்போவது இரண்டு நாடுகள்தான். இது தெரிந்தே தேர்வு செய்தால் தப்பில்லை.

'டெண்டர்' என்று போட்டிருந்தால் உஷார்

பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய சொல் இது. எல்லாத் துறைமுகத்திலும் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. சில இடங்களில் ஆழம் போதாது, சில இடங்களில் கப்பல் மேடையே கிடையாது. அப்போது கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். பயணிகளைச் சின்னப் படகில் கரைக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் படகுக்குப் பெயர்தான் டெண்டர்.

கிராண்ட் கேமனின் ஜார்ஜ் டவுன் இப்படிப்பட்ட துறைமுகம். அங்கே கப்பல் மேடை கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெரும்பான்மை 'வேண்டாம்' என்றது. பவளப்பாறை பாதிக்கும், கூட்டம் கூடும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். எனவே இப்போதைக்கு டெண்டர்தான். பெலீஸ் சிட்டியில் கடல் ஆழம் குறைவு என்பதால் கப்பல்கள் பல கி.மீ. தள்ளியே நிற்கும்.

டெண்டரில் மூன்று சிக்கல்கள். ஒன்று, ஏறி இறங்க வரிசையில் நிற்கும் நேரம். இரண்டு, அலை அதிகமாக இருந்தால் அந்தத் துறைமுகமே ரத்தாகலாம். மூன்று, ஆடும் படகில் காலை எடுத்து வைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர், நாலு படிகூட ஏற முடியாதவர் என்றால், பாதுகாப்பு கருதி ஊழியர்கள் அனுமதி மறுக்கலாம். மூட்டுவலி உள்ள பெற்றோரோடு போகும்போது 'டாக்' என்று குறிப்பிட்ட துறைமுகங்கள் அதிகமுள்ள பயணமே நல்லது.

எந்த மாதம்? புயல் கணக்கு முக்கியம்

அட்லான்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் நடுவில். அந்த நேரத்தில் டிக்கெட் மலிவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். 2017 செப்டம்பரில் இர்மா, மரியா என்ற இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்தன. செயின்ட் மார்ட்டின், செயின்ட் தாமஸ், டொமினிக்கா, போர்ட்டோ ரிக்கோ எனப் பல தீவுகள் சிதைந்தன.

இன்று புயல் வந்தால் கப்பல் ஒதுங்கிப் போய்விடும், பயணிகளுக்கு ஆபத்து குறைவு. ஆனால் கிழக்கு என்று டிக்கெட் போட்டவர் மேற்கில் போய் இறங்க நேரலாம். பொதுவாக டிக்கெட் ஒப்பந்தத்திலேயே, துறைமுகத்தை மாற்றவோ தவிர்க்கவோ நிறுவனத்துக்கு உரிமை இருக்கும். அதற்குப் பெரிய இழப்பீடு எதிர்பார்க்க முடியாது. 'இந்த ஒரு தீவுக்காகத்தான் போறேன்' என்றால் செப்டம்பர் வேண்டாம்.

அரூபா, போனேர், குரசாவ் மூன்றும் வெனிசுலாவை ஒட்டித் தெற்கே இருப்பதால் வழக்கமான புயல் பாதைக்கு வெளியே உள்ளன. புயல் காலத்தில் போயே ஆக வேண்டும் என்றால் இந்தத் தீவுகள் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை. ஆனால் மயாமியில் இருந்து கிளம்பும் கப்பல் புயல் பாதையைக் கடந்துதான் அங்கே போக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

குளிர்காலத்திலும் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும்போது பஹாமாஸ் பக்கம் கடல் கொந்தளிக்கும். சின்னத் தீவு நிறுத்தங்கள் ரத்தாவது அப்போதும் நடக்கும்.

இன்னொரு விருந்தாளி சர்காஸம் எனும் பழுப்புக் கடற்பாசி. 2011-லிருந்து கரீபியன் கரைகளில் பெருமளவில் ஒதுங்கி வருகிறது. வசந்த காலத்திலும் கோடையிலும் அதிகம். கிழக்கு பார்த்த கரைகளில்தான் குவியும், நாற்றமும் அடிக்கும். கோசுமெலில் கப்பல் நிற்கும் மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிவிடும்.

விசா: இதில்தான் பெரிய ரிஸ்க்

'க்ரூஸுக்கு பாஸ்போர்ட்டே வேண்டாம்ப்பா' என்று அமெரிக்க நண்பர் சொல்லலாம். அது அமெரிக்கக் குடிமக்களுக்கான சலுகை. அதே துறைமுகத்தில் கிளம்பி அங்கேயே முடியும் பயணங்களில், அவர்கள் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் காட்டினால் போதும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

கப்பல் பஹாமாஸைத் தொட்டாலே நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியே போனதாகத்தான் அர்த்தம். திரும்பி வருவது புதிய நுழைவு. எனவே சுற்றுலா விசாவில் வந்த பெற்றோருக்குப் பலமுறை நுழையும் அனுமதி, அதாவது மல்டிபிள் என்ட்ரி இருக்க வேண்டும்.

எச்1பி ஊழியர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் முக்கியமானது. பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்ப் காலாவதியாகி, வேலை அனுமதி மட்டும் நீட்டிக்கப்பட்டிருக்கும் நிலையில் பலர் இருக்கிறார்கள். அமெரிக்காவுக்குள் வேலை பார்க்க அது போதும். வெளியே போய்த் திரும்ப, சாதாரணமாக, செல்லத்தக்க ஸ்டாம்ப் வேண்டும்.

இதற்கு 'ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன்' என்று ஒரு விலக்கு இருக்கிறது. 30 நாளுக்குள் திரும்பினால், செல்லத்தக்க ஐ-94 இருந்தால், பழைய ஸ்டாம்போடு நுழையலாம். ஆனால் எச்1பி-க்கு இது நிலத்தால் ஒட்டிய கனடா, மெக்சிகோவுக்கு மட்டும்தான். பஹாமாஸ், ஜமைக்கா, கேமன் எல்லாம் இதில் வராது. எஃப்1 மாணவர்களுக்கும் ஜே1 விசாவினருக்கும் கியூபா நீங்கலாக அருகிலுள்ள கரீபியன் தீவுகளும் சேரும். அதாவது, ஒரே கப்பலில் போகும் எஃப்1 தம்பி திரும்பி வந்துவிடலாம், எச்1பி அண்ணன் மாட்டிக்கொள்ளலாம்!

'அப்ப கோசுமெல் மட்டும் போற கப்பல்ல போலாமே?' என்று தோன்றும். இந்தியர்கள் தனி விசா இல்லாமல் மெக்சிகோவில் நுழைய, பொதுவாகச் செல்லத்தக்க அமெரிக்க விசா போன்ற ஓர் ஆவணம் வேண்டும். அது காலாவதி என்றால் அங்கேயும் முட்டுக்கட்டை வரலாம். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களுக்குத் தனி விதிகள் உண்டு. பணம் கட்டும் முன் நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடமோ, மாணவர் என்றால் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுவது அவசியம்.

துறைமுக நாடுகளின் விசா விதியும் தீவுக்குத் தீவு மாறும். 4 துறைமுகத்தில் ஒன்றுக்கு விசா இல்லையென்றாலும், மயாமியிலேயே கப்பல் ஏற விடாமல் தடுக்க வாய்ப்பு உண்டு.

தமிழ் வேர் தேடுபவர்களுக்கு ஒரு ரூட்

பலருக்கும் தெரியாத விஷயம்: தெற்கு கரீபியன் பயணங்களில் வரும் மார்ட்டினிக், குவாடலூப் இரண்டிலும் தமிழ் வம்சாவளியினர் வாழ்கிறார்கள். பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை 1848-ல் ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1850-களில் தொடங்கி புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஆயிரக்கணக்கானோரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள்.

மொழி பெரும்பாலும் மறைந்துவிட்டது. மாரியம்மன் அங்கே 'மாலியேமின்' ஆனாள். குவாடலூப்பின் காபெஸ்தேர்-பெல்-ஓவில் உள்ள சாங்கி கோயில் அந்த மரபின் அடையாளம். மஞ்சள், மல்லி, சீரகம் சேர்த்த கறி 'கொலம்போ' என்ற பெயரில் அந்தத் தீவுகளின் சொந்த உணவாகிவிட்டது. பாரம்பரிய உடையில் வரும் கட்டம் போட்ட துணியின் பெயரே 'மெட்ராஸ்'.

இரண்டும் பிரான்ஸின் கடல்கடந்த பகுதிகள் என்பதால் விசா விதி தனி. டிக்கெட் போடும் முன் கப்பல் நிறுவனத்திடம் எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கரையில் இறங்கியதும்... கடிகாரம்!

கோசுமெல் இருக்கும் கின்டானா ரூ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது. கோடையில் மயாமி ஒரு மணி நேரம் முன்னே ஓடும். கப்பல் மயாமி நேரத்தில் இயங்கினால், கப்பலில் மணி 4.30 ஆகும்போது, உள்ளூர் நெட்வொர்க்கைப் பிடித்த உங்கள் போனில் 3.30 என்றுதான் காட்டும். 'இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே' என்று பீச்சில் உட்கார்ந்திருந்தால் கப்பல் போயிருக்கும். இறங்கும் முன் 'ஷிப் டைம்' என்ன என்று கேட்டு, சாதாரணக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கப்பல் நிறுவனம் வழியாக எடுக்கும் கரைச்சுற்றுலா விலை கூடுதல். ஆனால் வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் சேர்க்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். வெளியே சொந்தமாக ஏற்பாடு செய்தால் மலிவு, ஆனால் தாமதத்துக்கு நீங்களே பொறுப்பு. நடந்தே பார்க்கும் ஊர்களில் சொந்த ஏற்பாடு, தூரமான இடங்களுக்குக் கப்பல் ஏற்பாடு என்று பிரித்துக்கொள்ளலாம்.

டிக்கெட் போடும் முன் 7 கேள்விகள்

1. கூட வரும் எல்லோருடைய விசாவும் போய்வர இடம் தருகிறதா?

2. 7 இரவில் எத்தனை நாள் கரை, எத்தனை நாள் கடல்?

3. கரை நாள்களில் எத்தனை உண்மையான ஊர், எத்தனை தனியார் தீவு?

4. டெண்டர் துறைமுகம் உண்டா? பெரியவர்களால் ஏறி இறங்க முடியுமா?

5. பார்க்க ஆசைப்படும் இடம், கப்பல் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம்?

6. நிற்கும் நேரம் பகலா, ராத்திரியா? அதே நாளில் வேறு எத்தனை கப்பல்கள் வருகின்றன? பெரிய கப்பல் ஒன்றிலேயே 5,000-க்கும் மேற்பட்டோர் வருவார்கள். நாலு கப்பல் சேர்ந்தால் சின்ன ஊர் திணறும். துறைமுகங்களின் கப்பல் வருகை அட்டவணை இணையத்தில் கிடைக்கும்.

7. ஒரு துறைமுகம் ரத்தானாலும் இந்தப் பயணம் உங்களுக்குப் பிடிக்குமா?

பெற்றோரோடு போகிறவர்களுக்கு சான் வான் போல கரையை ஒட்டிக் கப்பல் நிற்கிற, நடந்து பார்க்கிற ஊர்கள் உள்ள கிழக்கு ரூட் பொருந்தும். நீந்தத் தெரிந்த நண்பர் கூட்டத்துக்கு மேற்கு. சின்னக் குழந்தைகள் இருந்தால் தனியார் தீவோடு கூடிய பஹாமாஸ். வரலாறும் ஊரும் மனிதர்களும் வேண்டும் என்பவர்களுக்கு தெற்கு.

இந்த 7 கேள்விகளில் முதல் கேள்விக்கு 'தெரியலையே' என்பது பதிலானால், மற்ற ஆறையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தள்ளுபடி முடிய இன்னும் இரண்டு மணி நேரம்தான் என்று வெப்சைட்டில் ஓடும் டைமரைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். தள்ளுபடி அடுத்த வாரமும் வரும்.